விசில் பழகிய கரிச்சானோடு முத்தாபுதுப்பேட்டைக்கு

காலை 5.40. அம்பத்தூர் ஸ்டேஷன். ஆவடிக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். மடியில் துணி போர்த்திய கூண்டு, உள்ளே இரண்டு மாதக் குண்டுகரிச்சான் குஞ்சு. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பழைய சுவரை இடித்தபோது பொந்திலிருந்து விழுந்தது. புழு ஊட்டும்போதெல்லாம் விசிலடித்துத் தொலைத்தேன். இப்போது அதே விசிலை, நான் மூச்சு வாங்கும் இடம் உட்பட, அச்சு அசலாக அடிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்குத்தான் கவலை.

பறவைகளைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். கரிச்சான் பாட்டோடு பிறப்பதில்லையாம். பெரிய ஆண் பறவை பாடுவதைக் கேட்டு, குழந்தை மழலை பேசுவதுபோல முனகி முனகித்தான் பழகுமாம். சின்ன வயதில் கேட்காவிட்டால் பிறகு சரியாக வராது. பாட வராத ஆணுக்குத் தனக்கென்று ஓர் இடமும் இல்லை, ஜோடியும் இல்லை; இதுவும் ஆண்தானாம். அன்றோடு விசிலை நிறுத்தினேன். ஆனால் எங்கள் தெருவில் வேறு கரிச்சானே கிடையாது.

6.05. ஆவடி. முத்தாபுதுப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“இன்னாக்கா, கூண்டுல இன்னா கீது?” என்றார் டிரைவர்.

“குருவிப்பா. கொஞ்சம் மெதுவா போ.”

“இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித் தள்ளணும்க்கா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் துணியை விலக்கிப் பார்த்தேன். குஞ்சு ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

6.35. என்னோடு வேலை பார்க்கும் மல்லிகாவின் வீடு. பின்புறம் நான்கு மாமரங்கள். அவற்றில் ஒன்றின் உச்சிக் கிளையில் ஒரு கரிச்சான் பாடிக்கொண்டிருந்தது. கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இதற்குப் பதிலாகவா என் விசில்!

“அதோட குஞ்சு கீழ்க் கெளையில குந்திகினு கேட்டுகினு கீது பாருக்கா. தெனமும் இப்டித்தான்,” என்றாள் மல்லிகா.

கூண்டை அந்த மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில் மாட்டினோம். பத்து நாள் தீனி வைத்து, பிறகு கதவைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு.

“பெருசு தொரத்துச்சுன்னா?”

“நான் பாத்துக்கறேன். நீ கெளம்புக்கா. நீ நின்னா அது உன்னியேதான் பாத்துகினு கெடக்கும்.”

வாசலைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து என் விசில் கேட்டது. உதடு தானாகக் குவிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மறுபடி கூப்பிட்டது. மூன்றாம் முறையும் கூப்பிட்டது. அதன் பிறகு சத்தமில்லை. மரத்திலிருந்த பாட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டதா, என்மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று ஆவடி வந்து சேர்ந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.