ஆளுக்கொரு வேலை

பதினேழு வயதில் கையில் பிள்ளையோடு நின்றவளை அவள் வீடு கைவிட்டுவிட்டது. தெரு விடவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தையல்காரம்மா கடைக்குப் பின்னால் இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் யார் யாரிடமோ மல்லுக்கட்டி, அவளை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுவது நர்ஸ் அக்கா; பகலில் பார்த்துக்கொள்வது வேன்காரர் மனைவி; ராத்திரி தையல்காரம்மாவே பக்கத்தில் போட்டுக்கொள்வார். "நீ படிச்சாப் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். தங்கமான மனிதர்கள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அதனால் அவள் எதையும் சொல்லவில்லை.

வகுப்பில் அவள் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம், யாரும் உட்காரவில்லை. சாயங்காலம் ஓட்டமும் நடையுமாய் வந்தால், பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நூல்கண்டை உருட்டப் போய்விடுவான். தூக்கினால் முகம் கோணும். தடுப்பூசி போட்ட அன்று வீறிட்டவனை வாங்கப் போனாள். அவளைத் தள்ளிவிட்டு நர்ஸ் அக்கா தோளுக்குத் தாவினான். ஊசி போட்டதே அந்த நர்ஸ்தான்! "சரியான கில்லாடிடா நீ!" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

பரீட்சை நெருங்கியது. எல்லோரும் தையல் கடையில் கூடிப் பேசினார்கள்.

"பரீட்சை முடியறவரைக்கும் பையன் எங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார் வேன்காரர் மனைவி. மற்றவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. அவளுக்கு அப்படிப் படவில்லை. திரும்பி வரும்போது அவனுக்குத் தன்னை அடையாளமே தெரியாமல் போய்விட்டால்?

"வேணாம்க்கா."

"ஏன்டி, மார்க் குறைஞ்சா என்ன பண்ணுவ?" என்றார் நர்ஸ் அக்கா.

"குறையட்டும். ஆளுக்கொரு வேலை எடுத்துக்கிட்டீங்க. எனக்கு ஒண்ணுகூட விட்டு வைக்கலையே. குளிப்பாட்டறதையாவது என்கிட்ட குடுங்க."

"உனக்குக் குளிப்பாட்டத் தெரியுமா?"

"தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கலையே."

நர்ஸ் அக்காவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. எழுந்து போய் வெந்நீரை விளாவி வைத்தார். கண்ணில் விழாமல் தலைக்கு எப்படி ஊற்றுவது என்று காட்டிவிட்டு விலகி நின்றார்.

தண்ணீர் பட்டதும் பிள்ளை ஊரைக் கூட்டினான். எட்டிப் பார்த்த ஒவ்வொருவரிடமும் கை நீட்டினான். வேன்காரர் மனைவி ஓர் அடி எடுத்து வைத்தார். தையல்காரம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, அவன் விசும்பிக்கொண்டே இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல்தான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.