கிணற்றடியில் நான் வாசித்த நோட்டீஸ்

யுத்த காலத்தில் தாலுகா ஆபீசிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நோட்டீஸ் கட்டு வரும். மட்டமான ரோஸ் காகிதம். சற்று நேரம் பிடித்திருந்தால் சாயம் விரலில் ஒட்டும். வகுப்பில் ஒரு தடவையும் ஊர் ஜனங்களுக்கு ஒரு தடவையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஆண்களுக்குத் தலைமையாசிரியர் வாசிப்பார். பருத்திப்பட்டில் அப்போது படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதனால் பெண்களுக்கு நான் கிணற்றடியில் வாசித்தேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெறுமனே வாசித்தால் போதும் என்று விடாமல், நானாக விளக்கமும் சொல்வேன்.

ஒரு வாரம் வந்த நோட்டீஸில் 'வதந்தி பரப்புவோரை அண்ட விடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இன்னா டீச்சரம்மா, வாந்தியா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "யாரு வாந்தி எட்த்தாங்க?"

"ஜப்பான்காரன் எட்த்திருப்பான்," என்றாள் இன்னொருத்தி. "உன் ஊட்டுக் கூழ ஒரு வாய் குட்ச்சிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன்: "வாந்தி இல்லம்மா, வதந்தி. பொய்ச் சேதி. ஆனா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான். வாந்திபேதி ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தொத்துதில்ல? இது வாய்க்கு வாய் தொத்தும். தொத்து வந்தவங்களை ஊருக்குள்ள விடுவோமா?"

"இன்னாத்துக்கு உடறது?" என்றார்கள்.

நல்ல உவமை என்று எனக்கே தோன்றியது. மறுநாள் வகுப்பிலும் அதையே சொன்னேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டீஸில் இருந்த வாக்கியத்தை எல்லாப் பிள்ளைகளையும் சிலேட்டில் பத்துத் தடவை எழுத வைத்தேன்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஏரிக்கரை ஓரத்து வீட்டுக்கு ஒரு பெண் ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அந்த வீட்டுக்காரரின் தங்கை. இந்த ஊரிலேயே பிறந்து, கல்யாணமாகிக் கப்பலேறிப் போனவள். திரும்பி வரக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ஆறு வயதுப் பெண்குழந்தையோடு காடும் மலையும் நடந்து, பிறகு ரயிலேறி வந்திருந்தாள். பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன புருஷனிடமிருந்து சேதி இல்லை.

தண்ணீர் எடுக்க வரும்போது, கேட்பவர்களுக்கு அவள் கண்டதைச் சொல்வாள். குண்டு விழுந்தது, துறைமுகம் எரிந்தது, துரைமார்கள் முதலில் கிளம்பிப் போனது, வழியில் ஜனங்கள் வாந்திபேதியில் விழுந்து கிடந்தது. எங்கள் நோட்டீஸிலோ நம் படைகள் திட்டமிட்டபடி இடம் மாறிக்கொண்டிருந்தன.

நான் நோட்டீஸ் வாசித்த மூன்றாம் நாள், பால் கொண்டுவந்தவள் என்னைக் கேட்டாள்: "ஏம்மா, ரங்கூன்காரிக்குத் தொத்து கீதாமே? நோட்டீஸ்லயே போட்டுகிறாங்கன்னு சொல்றாங்கோ."

"நோட்டீஸ்ல யார் பேரும் இல்ல," என்றேன். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளுக்கு நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாக அவளும் குழந்தையும் எங்களோடு அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துவந்தார்கள்.

அதற்குள் அவளைக் கிணற்றுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சேரிக்காரர்கள் அந்தக் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்ற வழக்கம் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருந்தது. ஒருத்தியை விலக்கி நிறுத்த யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் என் மகள் ஓடிவந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "அம்மா, அந்த ரங்கூன் பாப்பா குடத்தை எடுத்துக்கினு கிணத்தடிக்கு வந்துது. நான்தான் தள்ளிவிட்டேன். குடம் ஒடஞ்சி போச்சி. 'வாந்தி பரப்புவோரை அண்ட விடாதீர்கள்'னு நாங்க எல்லாரும் கத்தினோம்."

அவளிடம் நான் சொன்னது இதுதான்: "வாந்தி இல்லடி, வதந்தி."

பிழையைத் திருத்திவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வரியை எத்தனையோ தடவை என் வாயிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் மத்தியானம் அந்த ரங்கூன் பெண் குழந்தையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். உள்ளே வராமல் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றாள். குழந்தையின் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது.

"டீச்சரம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. எங்களுக்கு நோவு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. எங்க அண்ணிக்கும் தண்ணி இல்லன்னுட்டாங்க. அவங்க ஊட்ல நான் எப்படி இருக்கறது?"

அந்த மாதம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. நோட்டீஸுக்கு விரோதமாகப் பேசினேன் என்று யாராவது சொன்னால் என் வேலை என்ன ஆகும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. "நீ ரங்கூன் கதைய எல்லார்கிட்டயும் சொல்லாம இருந்தாலே போதும்மா. தானா அடங்கிடும்," என்றேன்.

"கண்ணால கண்டதச் சொன்னா அதுவும் வாந்தியா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

அவள் கேலி செய்யவில்லை. அந்தச் சொல் அவளிடமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை நான் திருத்தவில்லை.

இரண்டு நாளில் அவளும் குழந்தையும் போய்விட்டார்கள். திருநின்றவூர்ப் பக்கம் புருஷனுடைய உறவு யாரோ இருப்பதாகச் சொன்னாளாம். பின்னால் அண்ணன் தேடிக்கொண்டு போனார். அங்கே அவர்கள் வந்துசேரவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

சில வாரங்களுக்குள் பட்டணத்தைக் காலி செய்யலாம் என்று கவர்மெண்டே சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்து ரோடெல்லாம் மூட்டை முடிச்சோடு மாட்டுவண்டிகள். கிணற்றடியில் எதிர்வீட்டுக்காரி, "அந்தப் பொண்ணு சொன்னது நெசம்தான் போல கீதே," என்று சொன்னாள். அந்த வாரமும் நோட்டீஸ் கட்டு வந்தது. அதையும் வாசித்தேன். விளக்கம் மட்டும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. என் மகள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். சென்ற வாரம் திருவேற்காட்டுப் பக்கம் வாந்திபேதி என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். தலை பின்னிக்கொண்டிருந்த மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "நம்ம ஊருக்குக்கூட வர இருந்துதே. அந்த ரங்கூன் பாப்பா கிணத்தடியில வாந்தி எடுத்துது. நான் பார்த்ததால ஊரு தப்பிச்சுது."

"அது வாந்தி எடுக்கலடி," என்றேன்.

"எடுத்துதும்மா. மஞ்சளா. என் கண்ணால பார்த்தேன்."

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸ், அந்தச் சிரிப்பு, என் உவமை, வேப்பமரத்தடியில் நான் சொன்ன பதில், ஒன்றையும் மறைக்கவில்லை. பின்னலைப் பாதியில் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

"நோவு இல்லன்னா ஊர்ல எல்லாரும் ஏம்மா அவங்கள அனுப்பப் போறாங்க?" என்றாள். "உனக்குத்தான் மறந்துபோச்சு."