வேட்டி இடுப்பில் ஒரு ஹேண்ட்போன்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று எனக்கு மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. என் மனைவிக்கு இருதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதுவரை அவள் பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, அதிர்ச்சியான செய்தி எதுவும் அவள் காதில் விழக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் இரண்டையும் அவளிடமே சொன்னார். மூன்றாவதை என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

மகன் அப்போதுதான் புதிதாக ஒரு ஹேண்ட்போன் வாங்கியிருந்தான். பழையதை என்னிடம் கொடுத்தான். "அம்மாவுக்கு நெஞ்சு வலிச்சா உடனே உங்களக் கூப்பிடணும்பா. எங்க போனாலும் கூடவே வச்சிருங்க லா" என்றான். இரண்டாம் எண்ணைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு போகும்படியும் செய்து கொடுத்தான்.

அதை எங்கே வைத்துக்கொள்வது என்பது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. பெண்கள் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆணுக்கு அப்படி என்ன இருக்கிறது? சட்டைப்பையில் வைத்தேன். குனிந்தபோதெல்லாம் விழுந்தது, பதினொரு நாளில் நான்கு தடவை. நான்காவது தடவை சாக்கடை விளிம்பில் நின்றது, ஒரு சாண் தள்ளியிருந்தால் போயிருக்கும். காற்சட்டையின் பின்பையில் வைத்து, மறந்துபோய் அதன் மேலேயே உட்கார்ந்தேன். முன்பையில் சாவிக்கொத்து அதைக் கீறியது. சீன வியாபாரிகளைப் போல அக்குளில் ஒரு தோல்பையை இடுக்கிக்கொண்டு நடந்து பார்த்தேன். குடையும் காய்கறியும் சேர்ந்தபோது எனக்கு மூன்றாவது கை இல்லை. கடைசியில் இரவுச் சந்தையில் பெல்ட்டில் மாட்டும் உறை ஒன்று வாங்கினேன். மளிகைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், இடுப்புல துப்பாக்கியா? ரிட்டயர் ஆனப்புறம் போலீஸ்ல சேந்துட்டீங்களா?" என்று சிரித்தார். எனக்கு அது பொருட்டாக இல்லை. வழி கிடைத்ததே என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். நான் இங்கேயே பிறந்தவன். திருமணம் செய்து அவளை அழைத்து வந்தேன். அவளுக்கு உடன்பிறப்பு ஒரே ஒரு தம்பிதான், அங்கேயே இருந்தான். போர்க்காலம். கடிதங்கள் கொழும்பு வழியாகச் சுற்றி வரும். அறுவைச் சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோது வந்த கடிதம் அவள் பெயருக்குத்தான் வந்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லாக் கடிதங்களையும் நான்தான் பிரிப்பேன். அது முப்பது வருடப் பழக்கம். பிரித்தேன். தம்பி காய்ச்சலில், மருந்து கிடைக்காமல் இறந்துபோய் ஏழு வாரம் ஆகிவிட்டது என்று அவனுடைய மனைவி எழுதியிருந்தாள். மொத்தம் பதினாறு வரி.

அவள் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். நான் கடிதத்தை மடித்துப் பழைய நாட்குறிப்புக்குள் வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டேன். "இப்ப சொல்லாதீங்கப்பா. ஆப்பரேஷன் முடியட்டும்" என்றான். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. கோயில் ஐயரிடம் கேட்டதில், காலம் கடந்து கேட்ட சாவுக்குத் தலைமுழுகினாலே போதும் என்றார். அன்று நடுப்பகலில் நான் தலைக்குக் குளித்தேன். ஏன் இந்த நேரத்தில் என்று அவள் கேட்டாள். வியர்வை என்றேன்.

ஆறு நாள் அப்படியே போனது. அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் மூன்று நாள். ஆறாம் நாள் மாலை, தம்பிக்காக ஒரு மோட்ச விளக்காவது ஏற்றிவிடலாம் என்று கோயிலுக்குப் புறப்பட்டேன். அவளிடம், உன் உடம்புக்காக அர்ச்சனை செய்யப் போகிறேன் என்று சொன்னேன்.

எங்கள் கோயிலுக்கு ஆண்கள் வேட்டி கட்டித்தான் போவோம். உள்ளே போகும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, சால்வையை இடுப்பில் சுற்றிக் கட்ட வேண்டும். சட்டை இல்லை, ஆகவே சட்டைப்பை இல்லை. பெல்ட் இல்லை, ஆகவே உறையும் இல்லை. வீட்டில் விட்டுப் போகவும் மனமில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஹேண்ட்போனை வேட்டி மடிப்பில் செருகி, அதன் மேல் சால்வையை இறுக்கி முடிந்தேன். அசையவே இல்லை. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன். விசைகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்தது நினைவில் இல்லை.

கொடிமரத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். வழக்கமாக மூன்று முறை விழுவேன். அன்று ஒரே முறை விழுந்து, எழுந்திருக்கத் தோன்றாமல் நெடுநேரம் கிடந்தேன். என் வயிற்றுக்கும் கல்தரைக்கும் நடுவே அந்தக் கருவி இருந்தது.

பிறகு ஐயரிடம் போனேன். அவர் அகலில் நெய் விட்டுக்கொண்டே இறந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். பெயரைச் சொன்னேன். பூரட்டாதி என்றேன்.

"அம்மா வரேல்லையா?" என்று கேட்டார்.

"அவளுக்கு இன்னும் தெரியாது ஐயா. கடிதம் வந்து ஆறு நாள் ஆச்சு. ஆப்பரேஷன் முடியட்டும்னு மறைச்சு வச்சிருக்கோம்" என்றேன்.

அவர் விளக்கை ஏற்றினார். மணி அடித்தது, மேளம் ஒலித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன். வாசலில் பூ விற்கும் பெண்மணி என்னையே உற்றுப் பார்த்தார். "அங்கிள், உங்க இடுப்புல யாரோ பேசுறாங்க லா" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "நெசமா அங்கிள். பொம்பள குரல் கேக்குது" என்றார்.

சால்வை முடிச்சை அவிழ்த்து அதை வெளியே எடுத்தேன். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதினான்கு நிமிடம், இருபத்திரண்டு நொடி. கீழே எங்கள் வீட்டு எண். காதில் வைத்தேன். "உத்திரட்டாதியப்பா... அவன் உத்திரட்டாதி..." என்று கத்திக் கரகரத்த குரலில் என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை. கோயிலிலிருந்து வீட்டுக்கு எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். எண்ணாமல் நான் நடந்ததில்லை. அன்று எண்ணவில்லை. வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் மார்போடு, ஐம்பத்தெட்டு வயதைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு ஓடினேன். கார்க்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான். அவள் தரையில் விழுந்து கிடப்பது போலவே என் கண்ணுக்குள் ஓடியது. கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. தொலைபேசி மேசையில் ஆள் இல்லை. கூடத்தில் இல்லை, படுக்கையில் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் அவள் வெளியே வந்தாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைமுழுகியிருந்தாள்.

என்னைப் பார்த்தாள். கத்துவாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாள் என்று நினைத்தேன். அவள் துவாயால் முகத்தைத் துடைத்தாள்.

"தம்பி பூரட்டாதி இல்லை. உத்திரட்டாதி. தொண்டை கிழியக் கத்தினனான், உங்களுக்குக் கேக்கேல்லை" என்றாள்.

ஆண்டுதோறும் அவன் பிறந்தநாளுக்கு அவள்தான் அர்ச்சனை செய்வாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். இருபத்தெட்டு தடவை நின்றிருக்கிறேன். உலகத்தில் எல்லாவற்றையும் எண்ணி வைத்த எனக்கு அந்த ஒன்று தவறிவிட்டது.

"ஆறு நாளா உங்களுக்குத் தெரியும். முந்தநாள் அவனுக்கு உடுப்புப் பார்சல் கட்டினனான். கயிறைப் பிடிச்சுத் தந்தது நீங்கள்தானே?"

ஆமாம். நான்தான். இரண்டு சட்டை, ஒரு கைலி, இருமல் மருந்து ஒரு போத்தல். முடிச்சு நழுவாமல் என் விரலைக் கொடுத்து அழுத்திப் பிடித்தேன். சட்டை அளவு அவனுக்குச் சரியாக இருக்குமா என்று அவள் கேட்டபோது, சரியாக இருக்கும் என்று பதிலும் சொன்னேன்.

"உன் உடம்புக்காகத்தான்..." என்று தொடங்கினேன்.

"என்ர உடம்பு எனக்குத் தெரியும். இப்ப என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிழையா ஏத்தின விளக்கு அவனுக்குப் போய்ச் சேராது."

மருத்துவர் சொன்னது என் காதில் ஒலித்தது. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டேன். டாக்சி பிடிக்கிறேன் என்றேன், நடக்கிறேன் என்றாள். ஏழு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஏழு இடத்திலும் என் மூச்சு நின்றது. ஐயர் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு இன்னொரு அகலை எடுத்தார். பெயரையும் நட்சத்திரத்தையும் இந்த முறை அவள் சொன்னாள். நட்சத்திரத்தைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்து, அங்கேயே தூணில் சாய்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் நெஞ்சு நிற்கவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிகிச்சையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். நல்லபடியாக முடிந்தது.

ஹேண்ட்போன் விஷயத்தில் ஒரு வழியை அதன் பிறகு கண்டுபிடித்தேன். வேட்டி கட்டுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். மஸ்ஜித் இந்தியா வட்டாரக் கடைகளில் கைலிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட் கிடைக்கும். அதில் பொத்தான் வைத்த பைகள் உண்டு. அதைப் பக்கவாட்டில் வரும்படி கட்டிக்கொண்டால் விழுந்து கும்பிட்டாலும் விசை அழுந்தாது. விசைகளைப் பூட்டவும் கற்றுக்கொண்டேன். இப்போதைய போன்களுக்கு விசையே கிடையாது என்றாலும் பூட்டுகிறேன்.

ஆனால் அன்று பிழையாக அழுந்திய அந்த விசையை நான் திட்டியதில்லை. அது அழுந்தியிராவிட்டால் எங்கள் இரகசியம் இன்னும் பல நாள் நீண்டிருக்கும். அவளுக்கு வரும் கடிதத்தை அதன் பிறகு நான் பிரித்ததே இல்லை. தன் தம்பிக்காக அவள் அழுதிருக்க வேண்டிய ஆறு நாளை நான் பறித்துக்கொண்டேன் என்பதும், அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் இல்லை என்பதும் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.