பிரெஞ்சுக்கு நான் எழுதிய நூற்பா

எங்கள் பள்ளிக்குப் பிரெஞ்சு வந்தபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் மில் வைத்திருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பெண்பிள்ளைகளைப் பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சில் சேர்த்தார்கள். "அதுல மார்க்கை அள்ளிப் போடுதாகளாம்ல!" என்பதுதான் காரணம். நான் தமிழம்மா. மேல்வகுப்புக்குத் தமிழ் எடுப்பதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கத் தெரியாது. தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பிரெஞ்சுப் பிள்ளைக இந்தத் தடவை நல்லாப் பாஸாயிட்டா அது நிலைச்சிரும். தமிழுக்கு ஆள் வராது, நீங்க ஆறாம் வகுப்புக்குத்தான் போகணும். பாஸாகலைன்னா பிரெஞ்சை எடுத்துருவோம்."

ஆக, நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

பிரெஞ்சு மிஸ் புதுச்சேரிக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலேயே வாடகைக்குக் குடியிருந்தாள். தினமும் ஒரே பஸ். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஏறினால், அவள் ஜன்னலோர சீட்டைப் பிடித்துவைத்து, "அக்கா, இங்க வாங்க" என்பாள். இப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது?

பள்ளியிலும் என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவள் பாடம் பூராவும் எனக்குக் கேட்கும். நாம் 'வந்திருக்கிறேன்', 'தின்றிருக்கிறேன்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'இரு'வைப் போட்டுப் பிழைத்துக்கொள்கிறோம். பிரெஞ்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல இரண்டு துணைவினைகள். பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்'. போ, வா, ஏறு, இறங்கு மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும் 'ஏத்ர்'. எதற்கு எது என்று அவள் கேட்கக் கேட்க, பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லின. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, பொய் சொல்வானேன்.

அரையாண்டுத் தேர்வில் பாதிப் பேர் அவுட். மறுநாள் பஸ்ஸில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"படம் போட்டுக்கூடச் சொல்லிக் குடுத்துட்டேன்க்கா. மண்டைல ஏற மாட்டேங்குது. நான் ஊருக்கே போயிடுறேன்."

"இதுக்குப் போயா அழுத? நூற்பாவாக் கட்டிக் குடுத்தா ஆயுசுக்கும் மறக்காதுல்ல!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவள் வினைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் சீர் தட்ட ஆரம்பித்துவிட்டன. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடிந்தது.

போதல் வருதல் ஏறல் இறங்கல்
புகுதல் வெளிவரல் சேர்தல் புறப்படல்
பிறத்தல் இறத்தல் தங்கல் வீழ்தல்
திரும்பல் ஆதல் எனுமிவை எல்லாம்
ஏத்ர் கொளுமே, ஏனைய அவ்வார்.

இறங்கி நடக்கும்போது அவள் மெல்ல, "ஆனா அக்கா, 'படியை ஏறினேன்'னு செயப்படுபொருள் வந்துட்டா, அங்க அவ்வார்தான்" என்றாள்.

"அட கூறுகெட்டவளே, அதை மொதல்லயே சொல்லக்கூடாதா? புறனடை வைக்கணும்ல!"

விதிக்கு விலக்குச் சொல்லாத இலக்கணம் ஒரு இலக்கணமா? பள்ளிக்கூட வாசலிலேயே நின்று கடைசி வரியைச் சேர்த்தேன்.

செயப்படு பொருள்வரின் இவையும் அவ்வார்.

அன்றிலிருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே கோரஸ். என் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. "சிரிப்பென்ன வேண்டிக்கெடக்கு, புஸ்தகத்தைப் பாருங்கட்டி" என்று அதட்டினேன். ஓசை எங்கேயும் தட்டவில்லை என்பதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

முழுஆண்டுத் தேர்வில் பிரெஞ்சில் ஒருத்திகூட ஃபெயிலாகவில்லை. பிரெஞ்சு மிஸ் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. வன்னியம்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண், பத்தாம் வகுப்பில் செய்யுளைக் கேட்டாலே முகம் மலர்கிறவள், அவள் ஒருத்தியாவது தமிழ் எடுப்பாள் என்று நம்பியிருந்தேன். வராந்தாவில் ஓடி வந்தாள்.

"தமிழம்மா, நான் பிரெஞ்சு எடுத்திருக்கேன்."

"ஏட்டி, நீயுமா?"

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அதுலயும் உங்க செய்யுள் இருக்காம்ல? அக்காமாரு சொல்லிக் குடுத்தாக. அதான் தைரியமாச் சேந்துட்டேன்."

கையைக் கட்டிக்கொண்டு, அங்கேயே புறனடை வரை ஒப்பித்தாள். "வீழ்தல்னு 'ழ' போட்டு அழுத்திச் சொல்லு" என்று மட்டும் திருத்திவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் போனேன்.