நஸ்லாவின் மீசான் கற்கள்

சம்மாந்துறைக்கு மேற்கே, வயல் முடிகிற இடத்துப் பாறைக்குள் அணுக்கழிவைப் புதைக்கலாமா என்று பார்க்க ஒரு கூட்டம் வந்து துளை போட்டது. பாறையில் வெடிப்பு உண்டா, நிலத்தடித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் ஆராய்ச்சியாம். நாட்டில் அணு உலையே இல்லை, குப்பைக்கு மட்டும் மாளிகை தேடுகிறார்கள்! துளையிலிருந்து வந்த உருளைக் கற்களுக்கு ஆழத்தின் இலக்கம் எழுதி, வரிசையாகப் பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு ஜவாத் காவல்.

அந்த மாரியில் டெங்கு அவனுடைய மகள் நஸ்லாவைக் கொண்டுபோய்விட்டது. ஏழு வயது. அவளை அடக்கிய சாய்ந்தமருது மையவாடி முழுக்கக் கடல் மணல். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கட்டை சீக்கிரமே உளுத்துப்போகும், பிறகு யாருடைய கபுறு என்று ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை; மனைவி சுஹறா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"புள்ளட எடத்த மட்டும் தவற உட்டுராதீங்க."

ஜவாத் பெட்டியிலிருந்து உடையாத இரண்டு கற்களை எடுத்தான். இலக்கத்தை மணலுக்குள் மறைத்து நட்டான். கல்தானே என்று நினைத்துவிட்டான், பாவி மனுசன்.

பாறை ஆராய்ச்சிக்குப் பொறுப்பான ஸஜாத் கல்முனைக்காரர். ஒரு ஜனாஸாவை அடக்க மையவாடிக்கு வந்தவர், துஆவுக்குக் கையேந்தியபடியே அந்த வழவழப்பான கற்களைக் கண்டுவிட்டார்.

"பெட்டியில அந்த எடம் வெறுமையா இரிக்கு, காக்கா. பாறை வெடிச்சிரிக்கெண்டு கொழும்பால வந்தவங்க நினைக்கிறாங்க. புடுங்கித் தாங்க."

"சேர், என்ட மகள்ட அடையாளம்..."

"மௌத்தானவங்களுக்குக் கல்லு என்னத்துக்கு? தொழுகிற மனிசன், களவெடுத்த கல்ல நட்டு வெச்சிரிக்கீங்க!"

மீசான் என்றால் என்னவென்று தெரிந்த வாய்தான் அதைச் சொன்னது. நாசமாய்ப் போன வாய். ஜவாத் தன் கையாலேயே இரண்டையும் பிடுங்கிக் கொடுத்தான். அந்தக் குழிகளில் கிளுவைக் கொப்பை ஊன்றினான். வேலையும் அன்றோடு போயிற்று.

மரக்கட்டை செதுக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்தபோது கொப்பை ஆடு தின்றிருந்தது. மழை மணலை மட்டமாக்கியிருந்தது. சுற்றிலும் புதுக் கபுறுகள். கட்டையை நடாமலே திரும்பினான்.

கொஞ்சக் காலத்தில் அறிக்கை வந்தது. பாறைக்குள் தண்ணீர் கசிகிறதாம், இடம் சரிவராதாம். பெட்டிகளை அப்படியே ரோட்டுப் பள்ளத்துக்குள் கவிழ்த்தார்கள். கேள்விப்பட்ட ஜவாத் ஓடிப்போய்க் கிளறினான். இலக்கத்தை வைத்து அந்த இரண்டு கற்களையும் கண்டெடுத்து, சாரத்துணியில் முடிந்து, தோளில் தூக்கிக்கொண்டு மையவாடிக்கு வந்தான்.

கபுறு வெட்டிக்கொண்டிருந்த றிஸ்மி நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க நடப் போறீங்க, காக்கா?"

ஜவாத் அங்கே கொஞ்சம் நடந்தான், இங்கே கொஞ்சம் நடந்தான். தோளில் இருந்ததை இறக்கவேயில்லை.