நாவல் மரத்தடிக் கல்லில் இருந்த பெயர்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். நான் குன்னூரில் படித்துக்கொண்டிருந்தேன். பிறந்தது இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில். வாப்பா அங்கே ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். குன்னூர் பஜாரில் மாமாவுக்கு ஜவுளிக் கடை. அங்கே இங்கிலீஷ் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, என்னைக் கப்பலேற்றி, பிறகு ரயிலேற்றி, கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயரே "சிலோன்காரன்" என்றாகிவிட்டது.

வந்த புதிதில் எனக்கு எல்லாமே வேடிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்காவது கிளம்பிவிடுவேன். ஊட்டிக்குப் போய்ப் பழைய கல் பங்களாக்களைப் பார்ப்பேன். துரூக் மலைக்கு ஏறி, மைசூர் சுல்தான் காலத்துக் கோட்டையின் மிச்சச் சுவரைத் தொட்டுவிட்டு வருவேன். கோத்தகிரிக்கும் போயிருக்கிறேன். லுஹர், அஸர் தொழுகைகள் எங்கே இருந்தாலும் தவறக்கூடாது, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு வீட்டில் இருக்க வேண்டும், மாமா போட்ட நிபந்தனை அவ்வளவுதான். எங்கள் சரித்திர வாத்தியார், துரைமார் வருவதற்கு முன் இந்த மலைக்குச் சரித்திரமே கிடையாது என்பார். படுகர்களும் தோடர்களும் எத்தனை தலைமுறையாக இருக்கிற மலை இது. ஆனாலும் அன்றைக்கு நானும் அதை நம்பி, துரைமார் கட்டியதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

இந்தச் சுற்றலில் எனக்குத் துணை, என் வகுப்பில் படித்த ஒரு சிநேகிதன். அவன் அம்மா உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு பொறுக்கும் வேலை செய்தார். அப்பா இல்லை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு தேயிலை எஸ்டேட்டில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்கு இறங்கி வந்தவர், இனி அந்த எஸ்டேட் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். ஏன் என்று மகனிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த எஸ்டேட்டும் பார்க்க வேண்டிய பழைய இடங்களில் ஒன்றுதான். இந்த மலையில் முதல் முதலில் தேயிலை நட்ட இடங்களில் அது சேர்த்தி என்றும், அங்குள்ள பங்களா வெகு பழையது என்றும் வாத்தியார் சொல்லியிருந்தார். துரை இல்லாத நாளில் பட்லரிடம் கேட்டுக்கொண்டு தோட்டத்தைப் பார்க்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போகலாமா என்று நான் கேட்டதும் என் சிநேகிதன் முகம் மாறிவிட்டது.

"எங்கப்பனப் பொதச்ச இடம் அங்கதாண்டா இருக்குது" என்றான்.

அவன் அம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு அவரே சம்மதித்து, ஒரு துண்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பொரி, கற்பூரம், ஒரு கட்டு பீடி எல்லாம் முடிந்து கொடுத்தார். பீடி அப்பாவுக்குப் பிடிக்குமாம். "பங்களாவுக்குப் பொறத்தால, ஓடைக்கு இந்தப் பக்கமா ஒரு பெரிய நாவ மரம் நிக்கும் கண்ணு. அதுக்குக் கீழதான் நம்ம சனங்களையெல்லாம் அடக்கறது. போயி விழுந்து கும்பிட்டுட்டு வா" என்றார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த அம்மா புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், என் உம்மாவும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தகப்பன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "நாட்ட ஆளறவங்கள என்னன்னு சொல்லுவாங்க, அதுதானுங்க" என்றாராம். வாத்தியார் சிரித்துக்கொண்டே ராஜா என்று எழுதிக்கொண்டாராம். தன் தகப்பனைப் பற்றி என் சிநேகிதனிடம் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

கோத்தகிரி பஸ்ஸில் போய் வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே வெகுதூரம் நடந்தோம். துரை ஊட்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருப்பதாகக் கேட்டில் இருந்தவர் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத் தொப்பியைப் பார்த்ததும் உள்ளே விட்டுவிட்டார். பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனோம். ஓடை இருந்தது. நாவல் மரமும் இருந்தது. ஆனால் அதன் கீழே மண்மேடுகள் எதுவும் இல்லை. வெட்டிவிட்ட புல்தரை. அதன் நடுவில் ஒரே ஒரு வெள்ளைச் சலவைக்கல், சுற்றிலும் பூச்செடி, சின்ன இரும்பு வேலி.

கல்லில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்தோம். முதல் வரியே "ராஜா". அதற்குக் கீழே "உண்மையுள்ள ஊழியன், கடைசி மூச்சு வரை எஜமானைக் காத்தவன்" என்பது போல இரண்டு வரி. இறந்த வருஷமும் அவன் அம்மா சொன்ன கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரு கூலிக்காரருக்கு இவ்வளவு பெரிய மரியாதையா, வெள்ளைக்காரர்களில் இப்படியும் ஒருவரா என்று நினைத்தேன். அவன் வேலிக்குள் போய்க் கல்லின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். "அப்பா, நா எட்டாவது படிக்கறேனுங்கப்பா" என்றான். அந்த ஒரு வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு தேங்காயை உடைத்து வைத்தான். பொரியைப் பரப்பினான், கற்பூரம் ஏற்றினான், ஒரு பீடியைப் பற்றவைத்துக் கல்லோரம் வைத்தான். கபுறை, அதாவது சமாதியைப் பார்த்தால் ஸலாம் சொல்வது எங்கள் வழக்கம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஸலாம் சொல்லி, கையேந்தி துஆ கேட்டேன்.

அப்போதுதான் பின்னால் சிரிப்புச் சத்தம். பங்களா பட்லர். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ஏன்டா டேய், நாய்க்கு எதுக்குடா வெத்தல பாக்கு? ரெண்டு எலும்பு கொண்டாந்து போட்டிருந்தாச் சந்தோசப்பட்டிருக்குமில்ல?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அது துரையின் வேட்டை நாயாம். சிறுத்தை அடித்துச் செத்ததாம். கல்லை மதராசிலிருந்து வரவழைத்தாராம் துரை.

"அப்ப இங்க அடக்கம் பண்ணின ஆளுங்க?" என்று நான் கேட்டேன்.

"லயத்துக் கூலி ஆளுங்களப் பொதைக்கற எடமா? அது தோட்டம் பெருசு பண்ணும்போதே போச்சே. இதோ தெரியுது பாரு, இந்த மரத்தத் தாண்டி, ஓடையோரமா, ஒம்பதாம் நம்பர் தேயிலைக் காடு. அது பூரா அதுதான். அங்க கொழுந்து மத்த காட்டவிட ஜோரா வரும்" என்றார். வேடிக்கையாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

என் சிநேகிதன் மெதுவாக, "எங்கப்பா பேரும் ராஜாதானுங்க. இங்கதான் வேல செஞ்சாரு" என்றான்.

பட்லர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மொட்டையன் மகனா நீ?" என்றார்.

"மொட்டையன் இல்லீங்க. ராஜா."

பிறகு அவர் சொன்னதைக் கேட்ட அன்று எனக்கு எப்படிக் கொதித்ததோ, இதை எழுதும்போதும் அப்படியே கொதிக்கிறது. துரை நாயை ராஜா என்று கூப்பிடும்போதெல்லாம், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இவன் தகப்பனார் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று "தொர" என்று ஓடி வந்து நிற்பாராம். ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால் அப்படி நடந்து, எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். துரைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே எஸ்டேட்டில் இரண்டு ராஜா வேண்டாம் என்று உத்தரவு போட்டாராம். நாய்க்குப் பெயர் பழகிவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆகவே மனிதனுக்கு மாற்றினார்கள். கணக்கப்பிள்ளை மொட்டையன் என்று வைத்தார். அதற்குப் பிறகு காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிட்டதும் மொட்டையன், செத்துப்போனதும் மொட்டையன்.

"நா என்ன பண்ண முடியும் தம்பி. எம்பேரும் இங்க வெறும் 'பாய்'தான், இங்கிலீஷ்ல பையன்னு" என்றார் பட்லர், கீழே பார்த்துக்கொண்டு.

மோட்டார் சத்தம் கேட்டது. பந்தயம் முடிந்தோ முடியாமலோ துரை வந்துவிட்டார். கூட இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள், ஒரு துரைசாணி. தோட்டத்தைக் காட்டுவதற்காக நேரே எங்கள் பக்கம்தான் அழைத்து வந்தார். பட்லர் எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

துரை தேங்காயையும் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கண்கூடக் கலங்கினாற்போல் இருந்தது. கூட வந்தவர்களிடம், பாருங்கள், என் கூலிகள் இன்னமும் ராஜாவை மறக்கவில்லை, தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். எங்களுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அதற்காகத்தானே கடல் தாண்டி வந்து படித்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என் சிநேகிதனிடம் நீட்டினார்.

அவன் அதை வாங்கவில்லை. வேலிக்குள் குனிந்து போய் உட்கார்ந்தான். தேங்காய் மூடிகளை எடுத்தான். வெற்றிலையை எடுத்தான். பீடியை அணைத்துக் கட்டோடு சேர்த்தான். பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். கற்பூரத்தைக் கையாலேயே அணைத்து, கல்லில் படிந்த கரியைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"என்னா பண்ணுது அவன்?" என்று துரை தமிழில் பட்லரைக் கேட்டார்.

என் சிநேகிதன் எழுந்து நின்று இங்கிலீஷிலேயே சொன்னான். ராஜா என் தகப்பனாரின் பெயர், இதெல்லாம் அவருக்குக் கொண்டுவந்தது என்று. இலக்கணம் தப்பவில்லை.

துரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவமானப்படுவார், தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். இவன் அப்பனுக்கும் ராஜா என்று பெயராம் என்று துரைசாணியிடம் சொன்னார். அவள் கையால் வாயை மூடிக்கொண்டு, எவ்வளவு வேடிக்கை என்றாள். பிறகு எல்லோரும் தேநீர் குடிக்க உள்ளே போய்விட்டார்கள். அடித்து விரட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

ஒன்பதாம் நம்பர் காட்டுக்குப் போனோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரித் தேயிலைச் செடி. எந்தச் செடிக்குக் கீழே யார் என்று எப்படித் தெரியும்? ஒரு செடியின் தூரில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, அவன் கும்பிட்டான். நான் ஓடையில் முகம் கை கால் கழுவி ஒளூ செய்து, அங்கேயே துண்டை விரித்து அஸர் தொழுதேன்.

வீட்டு வாசலில் அவன் அம்மா காத்துக்கொண்டிருந்தார். "பாத்தயா கண்ணு? எடம் நல்லா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். பொய் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மொட்டையன் என்ற பெயரையும் சொன்னான்.

அந்த அம்மா அழவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். "அதுக்குத்தான் அந்த மண்ண மிதிக்க மாட்டேன்னேன்" என்றார். பிறகு, "அவனுங்க பேரப் புடுங்குனாங்க. நானாவது சொல்லிட்டிருந்திருக்கோணும். புருசம் பேரச் சொல்லக்கூடாதுன்னு நானும் வாய மூடிட்டிருந்தேன். கடசீல அந்தப் பேர நாயி ஒண்ணுதான் வெச்சிருந்துச்சு" என்றார்.

எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, வாசலுக்கு வந்து, அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி, "எம் புருசன் பேரு ராஜா" என்றார். எதிர் வீட்டுப் பெண்கள் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் சொன்னார். "ராஜா. எம் புருசன் பேரு ராஜா."

அதற்குப் பிறகு பழைய இடங்களைப் பார்க்கப் போகும் ஆசை எனக்கு விட்டுப்போயிற்று. படிப்பும் அதற்கு மேல் ஒரு வருஷம்தான் ஓடியது. மாமா கடையிலேயே உட்கார்ந்து, இங்கேயே கல்யாணமாகி, பிள்ளை குட்டி என்று ஆகிவிட்டது. துரையும் சீமைக்குப் போய்விட்டார். போன மாதம் என் பிள்ளைகளை அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஒரு நாயை எவ்வளவு நேசித்திருக்கிறான் பாருங்கள் என்று அந்தக் கல்லைக் காட்டினார்களாம். சுதந்திரம் வந்த பிறகும் இதைத்தான் காட்டுகிறார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து முழுவதையும் சொன்னேன். என்னை "ஏனுங்க" என்றே கூப்பிட்டுப் பழகிய என் மனைவி, அதைக் கேட்டுவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே என் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகையில் கையேந்தும்போது அந்த மனிதரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். மாற்று மதத்தவருக்காகக் கேட்கலாமா என்று மார்க்கம் படித்த ஆலிம்களிடம் நான் விசாரித்ததில்லை, விசாரிக்கவும் போவதில்லை. மறுமையில் மனிதர்கள் அவரவர் பெயராலும் தகப்பன் பெயராலும் அழைக்கப்படுவார்கள் என்று சின்ன வயதில் எனக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாளில் ராஜா என்று அழைப்பு வரும்போது, ஒன்பதாம் நம்பர் காட்டின் தேயிலை வேர்களை விலக்கிக்கொண்டு எழுந்து வந்து நிற்கப்போவது ஒரு மனிதர் என்பதையும், அன்றைக்கு அங்கே சிரிப்பதற்குத் துரை வாய் திறக்க முடியாது என்பதையும் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.