காலை பத்து மணிக்குத் தொட்டியத்தில்

அரியமங்கலத்தில் தஞ்சாவூர் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் தைரியராஜுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் ஆறு வருசம் கோர்ட்டு வராந்தாவிலேயே கழிந்தது. அவர் மேல் எந்த வழக்கும் கிடையாது. ஒருநாள் விடிகாலையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்கு மணி ஆறுகூட ஆகவில்லை. லாரி டயர் ஒன்றுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து லேத்துப் பட்டறை வேலைக்கு மொபெட்டில் வந்துகொண்டிருந்த மாதவனை, பின்னால் வந்த வெள்ளைக் கார் தூக்கி வீசியது. இருபதடி தள்ளிப் போய் நின்றது. கண்ணாடி இறங்க, ஓட்டி வந்தவன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போயே போய்விட்டான். தைரியராஜ் முகத்தையும் பார்த்தார், நம்பரையும் பார்த்தார். ஓடிவந்த போலீஸ்காரரிடம் நம்பரைச் சொல்லிவிட்டு, மாதவனோடு ஆம்புலன்சில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்.

எட்டு மணிக்கு மாதவன் இறந்துபோனான். அவன் செல்போன் நொறுங்கிக் கிடந்ததால் மனைவி ஜோதிக்குத் தகவல் போய், அவள் வந்து சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. அதுவரை, முன்பின் தெரியாத அந்த மனுசனின் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி தைரியராஜ் பிணவறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

போலீசையும் குறை சொல்ல முடியாது. நம்பரை வைத்து அன்றைக்கே, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற தொட்டியத்தில் காரைப் பிடித்துவிட்டார்கள். வாழைத்தார் மண்டிக்காரர் மகன் ஸ்ரீநாத்தின் கார். அவனோ, நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், காரை யார் எடுத்துப் போனார்களோ என்று சாதித்தான். சிக்னல் கேமரா வழக்கம்போலப் பழுது. ஆக, ஓட்டியது அவன்தான் என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே வாய் தைரியராஜுடையது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், பொதுஜனம் இரண்டு பேர் முன்னிலையில் கைப்பற்றியதாக எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளுக்கு மகஜர் என்று பெயர். பொதுஜனம் பிழைப்பை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறத் தயாராக நிற்கும் என்று சட்டம் எழுதிய புண்ணியவான்களுக்கு நினைப்பு. எவன் ஏறுவான்? அதனால் ஏட்டு பிச்சமுத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தாளோடு பஞ்சர் கடைக்கு வருவார். தைரியராஜ் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். கடை நிற்பது புறம்போக்கில். எதிரே ஸ்டேஷன். யோசிக்க என்ன இருக்கிறது? பதினைந்து வருசமாக அப்படித்தான். ஒன்றையும் படித்துப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமும் ஏட்டு வந்தார்.

"நீ சொன்ன நம்பர்தாம்ப்பா, கரெக்டா அமுக்கிட்டோம். கார எடுத்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடு."

அன்றைக்குப் போட்ட அளவு சந்தோஷமாக அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

பிறகு வாய்தா தொடங்கியது. ஜட்ஜ் லீவு, ஜட்ஜ் மாற்றல், வக்கீல்கள் புறக்கணிப்பு, நடுவில் கொரோனா. அரசு வக்கீல் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் தைரியராஜ் கடையைச் சாத்திவிட்டுப் போவார். ஜோதி ஸ்ரீரங்கத்திலிருந்து வருவாள். மதியம் வரை நின்று, அடுத்த தேதியைத் தெரிந்துகொண்டு இருவரும் திரும்புவார்கள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியலண்ணே. நீங்க பாத்தீங்கங்கிற ஒரே தெம்புலதான் வரேன்" என்பாள். அலுத்துப்போய், இனி வர முடியாது என்று சொல்ல நினைத்த நாட்களில் எல்லாம் அந்தப் பேச்சு அவர் வாயைக் கட்டிவிடும்.

ஆறாவது வருசம் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீலம்மா கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார். ஸ்ரீநாத்தைக் கைகாட்டினார். ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஸ்ரீநாத்தின் வக்கீல் ரங்கநாதன் எழுந்தார். அதட்டல் உருட்டல் எதுவும் இல்லாத மனிதர்.

"அன்னைக்குக் காலை பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"பெரியாஸ்பத்திரியிலங்கய்யா. அந்தம்மா வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"இது உங்க கையெழுத்துதானே? மேல எழுதியிருக்கறத கொஞ்சம் சத்தமாப் படிங்க."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தைரியராஜ் ஒரு மகஜரைப் படித்தார். காலை பத்து மணிக்குத் தொட்டியத்தில், சாட்சி தைரியராஜ் முன்னிலையில், கார் கைப்பற்றப்பட்டது.

"ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல இருந்திருக்கீங்க. இதுல எது பொய்?"

தொட்டியம் போனேன் என்றால் ஆஸ்பத்திரி பொய்யாகும். ஆஸ்பத்திரி பொய்யானால் ரோட்டில் பார்த்ததையும் எவன் நம்புவான்? கதவோரம் நின்ற பிச்சமுத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தைரியராஜுக்குப் பொய்யை ஜோடிக்கிற தெம்பு இல்லை.

"தொட்டியத்துக்கு நான் போகலைங்கய்யா. ஏட்டு கடைக்கு வந்தாரு, போட்டேன்."

"படிக்காமயா?"

"எப்பவும் படிக்கிறதில்லைங்க."

"எப்பவுமா? அப்ப இதுமாதிரி எத்தனை போட்டிருப்பீங்க?"

"எண்ணலைங்கய்யா."

அரசு வக்கீலம்மா வழக்குக் கட்டைப் புரட்டுவதை நிறுத்தினார். ரங்கநாதன் குரலை உயர்த்தவே இல்லை. "போலீஸ் நீட்டுற தாள்ல எல்லாம் கையெழுத்துப் போடுற நீங்க, போலீஸ் சொல்லிக்குடுத்த நம்பரையும் முகத்தையும்தான் இங்க சொல்றீங்கன்னு நான் சொல்றேன்."

"ஐயோ, இல்லைங்கய்யா! அத நான் என் கண்ணால பாத்தேன். அவன் தலைய நீட்டித் திரும்பிப் பாத்தான்யா!"

தட்டச்சர் ஒரே வரியில் முடித்தார்: 'போலீசார் சொல்லிக்கொடுத்தபடி சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல.' எல்லாச் சாட்சிக்கும் கடைசியில் போடுகிற வரி அது. தைரியராஜின் ஆறு வருசமும் அதற்குள் அடங்கிவிட்டது. அந்தக் கடைசிப் பேச்சைத் தவிர ரங்கநாதன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்பதுதான் தைரியராஜுக்கு வயிற்றெரிச்சல்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கண்ணால் கண்ட சாட்சி நம்பத்தக்கவர் அல்ல; சந்தேகத்தின் பலன் எதிரி ஸ்ரீநாத்துக்கு; விடுதலை. ஸ்ரீநாத் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

ஜோதியும் தைரியராஜும் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். அப்பீல் போகலாம், கவர்மெண்டுதான் போகணும், அந்த வக்கீலம்மாவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர் ஏதேதோ சொன்னார். அவள் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"அந்த நம்பர, அவன் முகத்த எல்லாம் நீங்களே பாத்தீங்களா? இல்ல, ஏட்டு சொல்லச் சொன்னாரா?"

கோபம் வந்திருந்தால் தேவலை. கோபம்கூட வரவில்லை. இந்த ஒருத்தி நம்புகிறாள் என்றுதானே இத்தனை நாள் நடையாய் நடந்தார். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

"பாத்தேம்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள். ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.